மாத்திரை தந்த கவனம் எவருடையது?

தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்பதே மனிதனுக்கும் மரக்கட்டைக்கும் உள்ள வேற்றுமை. நன்மை செய்தானைப் புகழ்கிறோம். தீமை செய்தானை இகழ்கிறோம். புகழும் இகழும் இல்லையேல் ஒழுக்கம் என்ற சொல்லுக்கே பொருளில்லை. இவ்வாறிருக்க, காலை ஏழு மணிக்கு ஒரு மாத்திரையை விழுங்கிய சிறுவன் எட்டரை மணிக்கு அமைதியாய் அமர்ந்து கணக்கைப் பிழையறப் போட்டு முடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நேற்று வரை அவன் பத்து நிமிடம் ஓரிடத்தில் அமர்ந்தானில்லை. இன்று போட்ட கணக்கிற்குப் புகழ் யாருக்கு? சிறுவனுக்கா, மாத்திரைக்கா? இன்னொரு வினாவும் உடன் எழுகின்றது. நேற்று அவன் அமராமை குற்றமாயின், அக்குற்றம் ஒன்றரை மணி நேரத்தில் நீரில் விழுந்த உப்பெனக் கரைந்தது எங்ஙனம்? அங்ஙனம் கரையக்கூடியதாயின் அது குற்றந்தானா?

இவ்வினாக்கள் பொழுதுபோக்குத் தர்க்கமல்ல. கவனக் குறைபாடு என்று வைத்தியர் கூறும் நிலையுடைய பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், அவ்வீட்டில் இவை நாள்தோறும் எழுவன. “மருந்து தின்று படிப்பதும் ஒரு படிப்பா?” என்று தந்தை வெகுள்வார். “காலமெல்லாம் மருந்துக்கு அடிமையாகிப் போவானோ?” என்று தாய் கலங்குவார். அண்டை வீட்டார் தாயத்துக் கட்டச் சொல்வர். பாட்டனார் தலைவிதி என்பார். சிற்றப்பா பிரம்பை எடுத்தால் எல்லாம் சரியாகும் என்பார். இத்தனை பேருக்கும் நடுவே நிற்கும் பிள்ளையை மட்டும் எவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆதலின் இவ்விஷயத்தைக் கோபமும் அச்சமும் இன்றி அறிவைக் கொண்டு ஆராய்தல் நம் கடமையாகும்.

முதற்கண், இந்நிலை யாதென அறிவோம். எல்லாப் பிள்ளைகளும் சிறிது துடுக்குடையவரே. எல்லாருக்கும் மனம் சில வேளை அலைவதுண்டு. அது நோயன்று. வயதிற்கு ஒவ்வாத அளவில் கவனம் நிலையாமை, ஓய்வில்லாத அசைவு, எண்ணுமுன் செய்துவிடும் பதற்றம் ஆகியவை பன்னிரண்டு வயதிற்கு முன்பே தோன்றி, ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடித்து, வீடு பள்ளி என ஓரிடத்திற்கு மேற்பட்ட இடங்களிற் காணப்பட்டு, வாழ்க்கைக்கு இடையூறு செய்யுமாயின், அதனையே வைத்தியர் நோயென்பர். சிலரிடம் அசைவு மிகுதி. சிலரிடம், சிறப்பாகப் பெண்பிள்ளைகள் பலரிடம், அசைவே இல்லை. அவர்கள் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி அமைதியாய் அமர்ந்திருப்பர். தொல்லை தராத காரணத்தால் அவர்கள் பிறர் கண்ணிற் படுவதுமில்லை.

இந்நோயின் வரலாற்றிலேயே நமது வினா அடங்கியிருக்கின்றது. 1902-ஆம் ஆண்டு லண்டன் அரச வைத்தியர் கழகத்தில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவிற் குறைவில்லாத சில பிள்ளைகள், தண்டித்தும் திருந்தாராய், நினைத்ததை அந்தக் கணமே செய்பவராய், ஒன்றில் மனத்தை நிறுத்தமாட்டாதவராய் இருத்தலை அவர் எடுத்துரைத்தார். அவர் விவரித்த பிள்ளைகள் எல்லாரும் இன்று நாம் கூறும் நோயினர் அல்லர் என்பது உண்மையே. ஆயினும் அவர் அந்நிலைக்கு இட்ட பெயரைக் கவனியுங்கள்: ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை! ஒழுக்கம் என்ற சொல்லைக் கையாண்டுகொண்டே, அதன் காரணத்தை உடலில் தேடியவர் அவர். திட்டுதற்குரிய செயலென்று உலகம் ஒதுக்கியதை ஆராய்தற்குரிய பொருளென்று வைத்திய மன்றத்தின் முன் வைத்தார். அன்று தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை.

மருந்து வந்ததோ தற்செயலாக. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில், நோயால் ஊனமுற்ற தம் மகள் எம்மாவின் நினைவாக ஒரு செல்வர் குடும்பம் நிறுவிய பிராட்லி இல்லம் என்னும் குழந்தை மருத்துவமனை உண்டு. அதன் வைத்தியர் சார்லஸ் பிராட்லி, மூளையைப் படம் பிடிக்கும் பொருட்டு முதுகுத் தண்டின் நீரை எடுத்துக் காற்றைச் செலுத்தும் முறையைக் கையாண்டார். அதனாற் பிள்ளைகளுக்குக் கடுந்தலைவலி உண்டாயிற்று. தலைவலி தணியுமென எண்ணிப் பென்ஸெட்ரின் என்னும் ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதும் தணியவில்லை. ஆனால் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் திடீரென ஊக்கங் கொண்டனர். 1937-ஆம் ஆண்டு 30 பிள்ளைகளிடம் ஒரு வாரம் சோதித்து, ஏறக்குறைய பாதிப் பேரிடம் இவ்வியப்பைக் கண்டதாக அவர் எழுதினார். பிள்ளைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயரிட்டுவிட்டனர். ஊக்கமூட்டும் மருந்து துடுக்கரை அமைதிப்படுத்தியது உலகிற்குப் புதிராயிற்று.

1944-இல் ஸ்விட்ஸர்லாந்தின் சீபா கம்பெனியில் பணியாற்றிய லியாண்ட்ரோ பனிஸோன் என்னும் இரசாயனர் மெத்தில்ஃபெனிடேட் என்ற பொருளை ஆக்கினார். தம் மனைவி மார்கரீட்டின் செல்லப் பெயரான ரீட்டா என்பதைக் கொண்டு அது ரிட்டலின் ஆயிற்று. 1950-களின் நடுவில் கடைக்கு வந்தது. பின்னர்ப் பிள்ளைகளுக்குப் பெருவழக்காயிற்று. ஆனால் அதன் வேலை நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். காலையில் உண்ட பிள்ளை நண்பகலில் மீண்டும் உண்ணவேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் உணவு வேளையில் தாதியின் அறை வாயிலில் மாத்திரைக்காகப் பிள்ளைகள் வரிசையில் நின்றனர். அவ்வரிசையைப் பிற பிள்ளைகள் பார்த்தனர். நோயினும் கொடிது அவ்வரிசையில் நிற்கும் வெட்கம். மருந்தின் வேகம் தணியும் வேளையில் எரிச்சலும் அழுகையும் வேறு.

இத்துயரை நீக்கவே நெடுநேர மாத்திரைகள் பிறந்தன. ஒரே அளவில் மருந்தை ஒழுக விட்டால் போதுமென முதலில் எண்ணினர், போதவில்லை. காலையிற் போதுமாயிருந்த அளவு மாலையிற் போதாமற் போயிற்று. உடல் ஒரு பகலுக்குள்ளேயே மருந்துக்குப் பழகிவிடுகிறது என்பதைக் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் ஸ்வான்சனும் உடன் ஆராய்ந்தோரும் கண்டனர். ஆதலின், பொழுது ஏற ஏற மருந்தின் அளவும் ஏறவேண்டும். ஆல்ஸா கம்பெனி செய்து, 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த கான்செர்ட்டா இதனைச் செய்து காட்டிற்று. அம்மாத்திரையின் மேற்பூச்சிலுள்ள 22 சதவீத மருந்து ஒரு மணி நேரத்திற் கரையும். உள்ளே மூன்று அடுக்குகள்: இரண்டில் மருந்து, மூன்றாவதில் நீரை உண்டு பருக்கும் ஒரு பொருள். மாத்திரையின் ஒரு முனையில் ஒளிக்கதிரால் துளைத்த நுண்துளை ஒன்றுண்டு. வயிற்று நீர் தோலின் வழியே உட்புக, மூன்றாம் அடுக்கு பருத்து, மருந்தை அத்துளையின் வழியே சிறிது சிறிதாக வெளியே தள்ளும். முதலில் மெலிந்த அடுக்கு. பிறகு செறிந்த அடுக்கு. இவ்வாறு பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்து, வெறுங்கூடு மலத்தோடு கழிந்துவிடும். பிறகு வேறு வகைகளும் வந்தன. 2007-இல் வந்த லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின், குருதியிலுள்ள சிவப்பணுக்களால் பிரிக்கப்பட்ட பின்னரே மருந்தாகும்.

நிற்க. இப்பொழுது நமது இரண்டாம் வினாவை முன்னே எடுத்துக்கொள்வோம். அமராமை குற்றமா?

ஸ்வீடன் நாட்டில் இந்நோயுடையார் 25,656 பேருடைய பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றுண்டு. மருந்துண்டோரையும் உண்ணாதோரையும் ஒப்பிட்டதோடு அவ்வாராய்ச்சி நிற்கவில்லை. ஒரே மனிதன் மருந்துண்ட காலத்தையும் உண்ணாத காலத்தையும் ஒப்பிட்டது. மருந்துண்ட காலத்தில் ஆடவர் குற்றஞ்செய்தல் 32 சதவீதமும் பெண்டிர் குற்றஞ்செய்தல் 41 சதவீதமும் குறைந்திருந்தன. அதே மனிதன், அதே வளர்ப்பு, அதே ஊர்! வேறுபட்டது மாத்திரை ஒன்றே. இதனாற் குற்றவாளி எவனும் பொறுப்பற்றவன் என்று முடிவு கட்டலாகாது. நினைப்பிற்கும் செயலுக்கும் இடையே நின்று “பொறு” என்று சொல்லும் ஓர் ஆற்றல் உண்டு. அவ்வாற்றல் எல்லார்க்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை. இந்த அளவிற்கு முடிவு கட்டலாம்.

யான் ஆங்கிலம் பயின்ற பள்ளியில் என்னோடு ஒருவன் இருந்தான். புத்தகம் மறப்பான், விடையை வினா முடியுமுன் கூவுவான், பாதிக் கணக்கில் எழுந்துவிடுவான். வகுப்பிற்கு உள்ளே இருந்ததினும் வெளியே முழங்காலிட்டிருந்த நேரமே அவனுக்கு மிகுதி. “உனக்கு அறிவிருக்கிறது, மனமில்லை” என்பதே அவன் ஆண்டுதோறும் பெற்ற தீர்ப்பு. அவனுக்கு இந்நோய் இருந்ததோ இல்லையோ, அறியேன். ஒருவரும் அக்கேள்வியைக் கேட்கவில்லை, கேளாமலே தீர்ப்பளித்தனர். சில ஆண்டுகளில் தீர்ப்பளிக்க ஆசிரியர் தேவைப்படவில்லை. தனக்குத் தானே அதைச் சொல்லிக்கொள்ளக் கற்றுவிட்டான். பிரம்படி ஆறிவிடும். தான் தீயவன் என்று ஒரு பிள்ளை தன்னைப்பற்றியே நம்பிவிடுவது எளிதில் ஆறாது.

இனி, எதிர்க்கட்சியாரின் கூற்றையும் நேர்மையாகக் கேட்போம். “எல்லாம் மூளையின் வேலையென்றால் எவனைத்தான் குறை கூறுவது? சோம்பேறியும் நாளை வைத்தியர் சீட்டோடு வருவானே!” என்பர். இஃது எளிதில் தள்ளத்தக்கதன்று. இதற்கு விடை காண, மருந்து யாது செய்கிறது என்று பார்க்கவேண்டும்.

மூளையில் டோப்பமின், நார்எபிநெஃப்ரின் என்னும் இரசாயனங்கள் நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டு செல்வன. செய்தி சென்றதும் அவை மீண்டும் உறிஞ்சப்படும். அவ்வுறிஞ்சலை மெத்தில்ஃபெனிடேட் தடுக்கிறது. எனவே செய்தி சற்று வலுத்து ஒலிக்கிறது. நோரா வோல்கோவும் உடன் பணியாற்றியோரும் 2004-இல் நோயற்ற பெரியோரிடம் ஆராய்ந்தபோது, மருந்துண்டு கணக்குப் போட்டோர் அக்கணக்கு முன்னினும் சுவையாயிருந்ததாகக் கூறினர். மூளையில் டோப்பமின் மிகுந்த அளவிற்கு அச்சுவையும் மிகுந்தது. கணக்கின் விடையை மாத்திரை சொல்லித் தருவதில்லை; பெருக்கல் வாய்பாட்டையும் மனத்தில் ஏற்றுவதில்லை. சுவையற்றதில் சிறிது சுவையை ஊட்டுகிறது, அவ்வளவே.

இங்கே ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் சுவையற்ற வேலையைச் செய்வது மன உறுதியால் என்று பெருமை கொள்கிறோம். தோட்டத்துக் கிராணியாகிய யான் மாதக் கடைசியில் செம்பனைக் குலைகளின் எடைக் கணக்கையும் ஆட்களின் வேலை நாட்களையும் கூட்டிச் சரிபார்ப்பவன். பெரட்டுக்கு முன்னே எழுந்து, இரண்டு கோப்பை கோப்பி உள்ளே சென்ற பின்னரே எண்கள் கண்ணுக்கு எண்களாய்த் தெரிகின்றன. கோப்பியும் ஊக்கமூட்டும் பொருளே. எனினும் அக்கணக்கை எழுதியது கோப்பி என்று எந்தத் துரையும் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டதில்லை. நமக்கு உதவிய பொருள்களை நாம் எண்ணுவதேயில்லை. பிறருக்கு உதவுவதை மட்டும் விரல் விட்டு எண்ணுகிறோம்!

மருந்தை ஆதரிப்போர் வழக்கமாக மூக்குக்கண்ணாடியை உவமை காட்டுவர். கண்ணாடி அணிந்து படித்தவனை ஏமாற்றுக்காரன் என்போமா என்பர். நல்ல உவமையே, ஆனால் பாதி வழிதான் வரும். கண்ணாடி கண்ணுக்கு வெளியே நிற்பது. அதை அணிவதால் ஒருவனுடைய விருப்பும் வெறுப்பும் மாறுவதில்லை. மாத்திரையோ விரும்புகின்ற மனத்தையே தொடுகிறது. “மருந்துண்ட வேளையில் நான் நானாக இல்லை” என்று கூறும் பிள்ளைகளும் உளர். “மருந்துண்ட வேளையில்தான் நான் நானாக இருக்கிறேன்” என்று கூறும் பெரியோரும் உளர். உவமையைக் காட்டி இவ்விருவர் வாயையும் அடைத்தல் நேர்மையன்று.

அவ்வாறாயின், மாத்திரை தந்த கவனம் எவருடையது? இவ்வினாவிற்கான விடை காலை ஏழு மணியில் இருக்கிறதென்பது என் கருத்து. மருந்து வேலை செய்யத் தொடங்குவது விழுங்கிய பின்னரே. விழுங்கவேண்டும் என்று நினைவு கொள்வதும், துணிவதும், கையை நீட்டி எடுப்பதும் மருந்தில்லாத மனத்தின் செயல்கள். மறதியே நோயாகிய ஒருவன், அம்மறதியோடு போராடி, இன்றும் மாத்திரையை மறவாது எடுத்தான் என்றால், அன்று மாலை வரை விளைந்த நன்மைக்கெல்லாம் வித்திட்டவன் அவனே. பன்னிரண்டு மணி நேரக் கவனத்தை அவன் மாத்திரையிடம் இரந்து பெறவில்லை. தன் நிலையைத் தானே அறிந்து, அதற்கு வேண்டியதைத் தானே தேர்ந்துகொண்டான். ஒழுக்கம் என்று நாம் மதிப்பது இத்தேர்வையே. அந்தச் சோம்பேறிக்கும் இதுவே விடை. ஆற்றல் இல்லாதவனைப் பழித்தல் அநீதி. ஆற்றலைப் பெற வழியிருந்தும் அவ்வழியை நாடாதவனிடம் காரணம் கேட்டல் நீதி. சீட்டு ஒருவனைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை, பொறுப்பேற்க வல்லவனாக்குகிறது.

இவ்விடை வயது வந்தோர்க்குப் பொருந்தும். ஏழு வயதுப் பிள்ளைக்கு? அவன் தேர்ந்தெடுக்கவில்லை. தாய் தருகிறாள், அவன் விழுங்குகிறான். இங்கேதான் நமது பிரச்னையின் கடினமான முடிச்சு கிடக்கின்றது. பிள்ளையின் தேர்வைப் பெற்றோர் அவன் சார்பில் வைத்துக் காக்கின்றனர். வயது வராதவன் சொத்தைக் காப்பாளன் வைத்திருப்பது போன்றது அது. காப்பாளன் அச்சொத்தைச் செலவிடலாம். ஆனால் உரியவன் நலத்திற்கே செலவிடவேண்டும். உரிய வயதில் கணக்கும் காட்டவேண்டும். கணக்கெழுதும் தொழிலோனாதலின் இதனை இவ்வாறு கேட்கிறேன்: இம்மாத்திரையால் வந்த வரவு யார் பேரில் எழுதப்படுகிறது? பிள்ளையின் பேரிலா? வகுப்பு அமைதியாயிற்று என்று ஆசிரியர் பேரிலா? வீடு அடங்கிற்று என்று பெற்றோர் பேரிலா?

வீணாகக் கேட்கவில்லை. இவ்வகைப் பொருள்கள் எவர் நலத்திற்கெல்லாம் ஊட்டப்பட்டன என்பதற்குச் சரித்திரம் சான்று. பிராட்லியின் பிள்ளைகள் கணக்குப் போட்ட மூன்றாண்டுகளுக்குள், 1940-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை, ஜெர்மானியப் படைகளுக்கு மெத்தாம்ஃபெட்டமின் மாத்திரைகள் 3.5 கோடிக்கு மேல் வழங்கப்பட்டன. உறங்காது போரிட்ட சிப்பாயின் விழிப்பு அவனுக்குரியதன்று, அவன் சேனாதிபதிக்குரியது. நம் நாட்டுத் தோட்டங்களுக்கும் இதையொத்த நினைவுண்டு. கள்ளுக்கடைகள் நம் லயங்களின் அருகே நின்ற காலத்தை முதியோர் மறவார். அன்று உள்ளே சென்ற பொருள் மயக்கியது. இன்று பேசும் பொருள் தெளிவிக்கிறது. இரண்டும் ஒன்றெனல் பேதைமை. ஆயினும் ஒருவன் உடலுக்குள் செல்லும் பொருள் இன்னொருவன் வசதிக்காகச் செல்கிறதா என்று கேட்கும் பழக்கத்தை, அச்சரித்திரம் உடைய நாம் கைவிடலாகாது.

பிறர் வசதி நுழைந்துவிடுவது எத்தனை எளிது என்பதற்கு மேலும் ஒரு சான்று. செப்டம்பர் முதல் தேதியை வயதெல்லையாகக் கொண்ட அமெரிக்க மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த பிள்ளை வகுப்பிலேயே மிக இளையவனாகவும், செப்டம்பரிற் பிறந்தவன் அடுத்த ஆண்டு சேர்ந்து வகுப்பில் மிக மூத்தவனாகவும் இருப்பர். 2018-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆகஸ்டுப் பிள்ளைகள் இந்நோயினர் என முடிவு செய்யப்படுவது செப்டம்பர்ப் பிள்ளைகளைவிட 34 சதவீதம் மிகுதியாயிருந்தது. அந்த எல்லைத் தேதி இல்லாத மாநிலங்களில் அவ்வேற்றுமை காணப்படவில்லை. மூளை நோய் மாதம் பார்த்துப் பிறப்பதில்லை. ஓராண்டு இளையவனின் இளமையையே சிலர் நோயென்று எண்ணிவிட்டனர் என்பது வெளிப்படை.

“மாத்திரை கொடுத்தோம், அடங்கினான்; ஆகவே நோயாளியே” என்று வாதிப்போரும் உளர். 1978-இல் ஜூடித் ராப்பபோர்ட் என்னும் வைத்தியர், நோயற்ற 14 சிறுவர்களுக்கு இவ்வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அவர்களும் அசைவு குறைந்து கவனம் மிகுந்தனர்! ஆகவே மருந்து வேலை செய்தது என்பதைக் கொண்டு நோயுண்டு எனத் துணிதல் தவறான அனுமானம். முதலில் வைத்தியர் பொறுமையாக ஆராய்ந்து முடிவு கூறவேண்டும். மருந்து அதன் பின்னரே வரவேண்டும்.

மருந்தால் எதை எதிர்பார்க்கலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். 2022-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், நோயுடைய 173 பிள்ளைகள் கோடைக்கால வகுப்பில் சில வாரங்கள் நெடுநேர மாத்திரையும் சில வாரங்கள் மருந்தற்ற வெற்று மாத்திரையும் உண்டு பாடம் கேட்டனர். மாத்திரை உண்ட வாரங்களில் அவர்கள் நிமிடத்திற்குப் போட்ட கணக்குகள் 37 சதவீதம் மிகுந்தன. வகுப்பு விதிகளை மீறுதல் 53 சதவீதம் குறைந்தது. ஆனால் புதிய பாடத்தைக் கற்ற அளவில் இரண்டிற்கும் வேற்றுமையில்லை. 579 பிள்ளைகளை ஆராய்ந்து 1999-இல் வெளியான பெரிய ஆராய்ச்சியிலும், பதினான்கு மாதங்களில் மருந்து முறை பயிற்சி முறையினும் நோய்க்குறிகளை நன்கு தணித்தது. மூன்றாண்டு முடிவிலோ குழுக்களிடையே இருந்த வேற்றுமை மறைந்திருந்தது. இவற்றால் மருந்து பொய்யென்பது முடிபன்று. மாத்திரை பிள்ளையை ஆசிரியர் முன் அமர்த்தும். அமர்ந்தவனுக்குக் கற்பிப்பது ஆசிரியர் கடமை. அமர்த்தியதோடு தம் வேலை முடிந்ததென்று பெரியோர் கைகழுவினால், வரவு பிள்ளையின் பேரில் ஏறவில்லை என்பது திண்ணம்.

செலவுப் பக்கத்தையும் மறைக்கலாகாது. பசி குன்றும், உறக்கம் பிந்தும், நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று ஏறும், நெடுங்காலம் உண்டால் உயரம் சிறிது குறைதலும் உண்டு. ஆதலின் எடை, உயரம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை வைத்தியர் அவ்வப்போது பார்க்கவேண்டும். நெடுநேர மாத்திரையைக் கடித்தோ பொடித்தோ உண்ணலாகாது. பொடித்தால் நாள் முழுதும் பரவ வேண்டிய மருந்து ஒருசேர வெளிப்பட்டு அபாயமாகும். தவறாகப் பயன்படுத்துவோர்க்கு அடிமைத்தனம் நேரும் என்பதால், 1971-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை இதனைக் கட்டுக்காவலில் வைத்தது. தேர்வுக் காலத்தில் தோழனிடம் வாங்கி விழுங்கும் மாணவன் செய்வது வேறு. வைத்தியர் அளந்து தருவதை நோயாளி உண்பது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதைப் பழிப்பவர், களவு நடக்கிறதென்று கடைத்தெருவையே மூடச் சொல்பவரை ஒப்பர்.

“கம்பெனிகள் இலாபத்திற்குச் செய்த சூழ்ச்சி” என்பாரும் உளர். கம்பெனிகள் இலாபம் கருதுவன என்பது மெய்யே. அதனால் அவற்றின் விளம்பரங்களை ஐயத்தோடு படித்தல் அறிவுடைமை. ஆனால் இலாபத்திற்கு விற்கப்படுவதனாலேயே ஒரு பொருள் பொய்யாகாது. அரிசியும் இலாபத்திற்கே விற்கப்படுகிறது.

ஆகவே, மருந்து கொடுக்கலாமா என்று கலங்கும் பெற்றோர் தமக்குள்ளே மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளுதல் நலம். முதலாவது: இவன் துன்பப்படுகிறானா, அல்லது இவனால் நாம் மட்டும் தொல்லைப்படுகிறோமா? இரண்டாவது: மருந்து தரும் நேரத்தில் இவன் செய்ய விரும்பியதையும் செய்ய முடிகின்றதா? நண்பனோடு சண்டையின்றி ஆடுதல், தொடங்கிய படத்தை வரைந்து முடித்தல், கதையொன்றைக் கடைசி வரை கேட்டல் ஆகியவை பிள்ளையின் கணக்கில் ஏறும் வரவுகள். மூன்றாவது: இவனுக்கு இம்மாத்திரை ஏன் என்பதை இவனுக்கே புரியும்படி சொன்னோமா? “இனிப்பு” என்று பொய் கூறிக் கொடுப்பவர் காப்பாளர் என்ற பெயருக்கு உரியரல்லர். “உன் மனம் விரைந்து ஓடும் குதிரை, குதிரை கெட்டதன்று, இது கடிவாளம், பிடித்துப் பழகு, பெரியவனானதும் வேண்டுமா வேண்டாமா என்று நீயே சொல்” என்று கூறுக. ஆண்டுதோறும் வைத்தியரைக் கேட்டு, இன்னும் தேவைதானா என்று பிள்ளையோடு சேர்ந்து ஆராய்க. அப்பா வெட்கப்பட்டு ஒளித்து வைக்கும் மாத்திரையைப் பிள்ளையும் வெட்கத்தோடே விழுங்குவான். அவ்வெட்கத்தைத் தீர்க்கும் மருந்து எக்கம்பெனியிலும் இல்லை.

மருந்தே வேண்டாமென்று தக்க ஆலோசனையோடு முடிவு செய்யும் பெற்றோரும் குற்றவாளிகள் அல்லர். பயிற்சியும் ஒழுங்கான நேரமும் பொறுமையான ஆசிரியரும் போதுமான பிள்ளைகள் உளர். ஆனால் மருந்தும் தராமல், பயிற்சியும் தராமல், பிரம்பையும் வசையையும் மட்டும் தருபவர், பிள்ளையின் மனோபலத்தைக் காப்பதாகப் பெருமை பேசுவது நகைப்பிற்கிடம். மன உறுதி வானத்திலிருந்து விழுவதென்றும், இல்லாதவன் இல்லாதவனே என்றும் நினைப்பது தலைவிதிக் கொள்கைக்கு வேறொரு சட்டை மாட்டியதேயாகும்.

புகழ் யாருக்கு என்று தொடக்கத்திற் கேட்டோம். சிறுவனுக்கே. வாய்பாட்டை மனனம் செய்தவன் அவன். பென்சிலைப் பிடித்தவன் அவன். பிழையை அழித்து மீண்டும் போட்டவன் அவன். மாத்திரை அவனுக்குத் தந்தது நம்மிற் பலர் கேளாமலே பெற்றுப் பிறந்த ஒன்றை, அதுவும் பன்னிரண்டு மணி நேரத்திற்கு. கேளாமற் பெற்றவர் பெருமை கொள்ள ஏதுமில்லை. கேட்டுப் பெற்றவன் நாண ஏதுமில்லை. நம் பள்ளிகளிலும் வீடுகளிலும் மனம் நிலையாத பிள்ளை ஒன்று எதிரே நிற்குமாயின், தீர்ப்பை ஒரு நாள் தள்ளி வைத்து, “உனக்கு எது கடினமாயிருக்கிறது?” என்று முதலிற் கேட்போமாக. கேட்பதற்கு நமக்கு மாத்திரை ஒன்றும் வேண்டியதில்லை.